அத்தை பேசிய தொடர்

என் அத்தையைத் தெருப் பெண்கள் முன்னால் பொய்க்காரி ஆக்கியது நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை. வாய் தவறியும் நடக்கவில்லை. ஒரு வாரம் யோசித்து, ஒரு நல்ல மனிதரிடம் பொய் சொல்லி அழைத்துவந்து, எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துச் செய்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். பல பேரிடம் பல விஷயங்களுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்; இதற்கு மட்டும் நெடுங்காலம் வாய் வரவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் முதன்முதலில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது எங்கள் வீட்டுக்கு. முன்கட்டில் நாலு விசைத்தறி, பின்கட்டில் நாங்கள். மதுரைக்குச் சேலைக்கட்டு கொண்டுபோன அப்பா ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினார். சென்னை நிலையம் அப்போது எங்கள் ஊருக்கு எட்டாது. கடல் தாண்டிக் கொழும்பு நிலையம் எட்டியது. மொட்டைமாடியில் குழாய்மேல் குழாயை இணைத்து, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, தென்கிழக்கே திருப்பிவைத்தோம். காற்றடித்தால் படம் போய்விடும். நான் மாடியேறிக் குழாயைத் திருப்ப, கீழேயிருந்து அம்மா "வருது, வருது, போச்சுலே, கொஞ்சம் அங்கன திருப்பு" என்று குரல் கொடுப்பாள்.

வந்தது பெரும்பாலும் சிங்களம். வீட்டில் யாருக்கும் ஒரு சொல்லும் தெரியாது. செய்தியையும் பாட்டையும் விளம்பரத்தையும் வித்தியாசமில்லாமல் பார்த்தோம். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தொடர் நாடகம் வந்தது. சனிக்கிழமை தறிக்காரர்களுக்குச் சம்பள நாள். அன்று தறிகள் சீக்கிரமே நின்றுவிடும். மற்ற நாளில் தறி மோட்டாரால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும், இரைச்சலில் காதும் கேட்காது. ஆகவே எங்கள் வீட்டில் உருப்படியாகப் பார்க்கக் கிடைத்தது அந்த நாடகம் ஒன்றுதான்.

அதில் ஒரு பெரிய ஓட்டு வீடு. முற்றத்தில் கிணறு. வெற்றிலையை மென்றபடி ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு கிழவி. ஒரு மீசைக்காரன். அவன் வந்தால் தலை குனிந்து நிற்கும் ஓர் இளம்பெண்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. திருவேங்கடத்தில், பருத்திக் கமிஷன் கடைக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு, ஒருநாள் மத்தியானம் ஒரே ஒரு பையோடு டவுன் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டாள். உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. மாதம் ஒருமுறை மாமாவின் பெரியப்பாவும் இன்னொரு பெரியவரும் திருவேங்கடத்திலிருந்து வந்து, முன்கட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, அவளை அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அத்தை அடுப்படியைவிட்டு வெளியே வரமாட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு "அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

வீட்டில் அத்தைக்குப் பேச்சே குறைவு. நாள் முழுக்கத் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் ராட்டையால் நூலைச் சுற்றுகிற வேலை. நாடகம் தொடங்கிய சனிக்கிழமையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"என்னமோ கெஞ்சுதா, பாவம். என்னன்னுதான் தெரியல" என்றாள் அம்மா.

"அரிசிப் பான சாவியக் கேக்கா. கெழவி தரமாட்டேங்கா" என்றாள் அத்தை, ராட்டையை நிறுத்தாமல்.

திரையில் கிழவி வேகமாகத் தலையை ஆட்டினாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு எப்படிட்டி தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தா தெரியாதாக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அதற்கடுத்த வாரம் அவள் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். பிறகு பின்கட்டில் இடமில்லாமல் நிலைப்படிவரை பெண்கள் உட்கார்ந்தார்கள். அத்தை பெட்டியின் ஒலியைக் கொசு ரீங்காரம் அளவுக்குக் குறைத்துவிட்டு, தானே பேசினாள். மீசைக்காரன் வாயைத் திறந்தால் அவள் குரல் தடித்தது. கிழவிக்கு மூக்கால் பேசினாள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொந்தக் குரல். அவளுக்கு மல்லிகா என்று பெயரும் வைத்திருந்தாள். மீசைக்காரன் அவள் புருசன், கிழவி மாமியார். உதடு மூடுவதற்குச் சரியாக அத்தையின் வசனமும் முடியும். எங்கேயோ எப்படியோ சிங்களம் கற்றிருக்கிறாள் என்றே நான் நம்பினேன்.

அந்தத் தொடருக்கு என்னைப் போல ஒரு ரசிகன் இருந்திருக்க முடியாது. மல்லிகாவின் புருசன் அவளுடைய கம்மலை விற்ற வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமியார்க்காரி அவளைப் பட்டினி போட்ட வாரம் நானும் ராத்திரிச் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் முழுக் கதையையும் சொல்வேன். மல்லிகாமேல்தான் தப்பு என்று சொன்ன ஒருவனை அடித்து, தலைமையாசிரியர் அறை வாசலில் முட்டிபோட்டிருக்கிறேன்.

பிறகு கதையில் மல்லிகா கிளம்பித் தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு அதே வீடாகத்தான் இருந்தது. "இது அண்ணங்காரன் வீடு, அதே மாதிரி கட்டியிருக்கான்" என்றாள் அத்தை. யாரும் மறுத்துக் கேட்கவில்லை. புருசன் அவளைக் கூப்பிட வந்து வந்து போனான். போவாளா மாட்டாளா என்று வாரக்கணக்கில் இழுத்தது. பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

"எத்தன நாளைக்கு அண்ணன் வீட்டுல இருப்பா? பொம்பளன்னா அனுசரிச்சுத்தான் போணும்" என்பாள் கடைசி வீட்டுக்காரி.

"அனுசரிச்சுப் போயி பட்டினி கெடந்து சாகட்டுங்கியா? உன் மவளா இருந்தா அனுப்புவியாட்டி?" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

அத்தை எந்தப் பக்கமும் பேசமாட்டாள். ராட்டை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அப்பா அடுத்த அறைக் கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். கதவு திறந்தே இருக்கும். நாடகம் முடியும்வரை தாளைத் திருப்பும் சத்தம் கேட்காது. இதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்ததோடு சரி.

இந்தச் சமயத்தில்தான் சிலோன் அண்ணாச்சி வந்தார். கொழும்பில் ஒரு கடையில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பி, கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து, பையைக் கையில் பிடித்தபடியே வாசலில் நின்று கொஞ்ச நேரம் நாடகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். மல்லிகா அழுதுகொண்டிருந்த இடம் அது.

மறுநாள் கடைக்குப் போனேன்.

"நேத்து என்னத்துக்கு அண்ணாச்சி சிரிச்சிய?"

"சிரிப்பு வந்துச்சி, சிரிச்சேன். அதுக்கும் உன்கிட்ட உத்தரவு வாங்கணுமால?"

"உங்களுக்குச் சிங்களம் தெரியும்லா. அத்தை சொல்லுததெல்லாம் சரிதான?"

"உங்க அத்த சொல்லுததுதான் நல்லாருக்கு. அதையே கேளு. இந்தா, பொரிகடல தின்னு."

நான் கடலையைத் தின்றுவிட்டு அங்கேயே நின்றேன். அடுத்த நாளும் போய் நின்றேன். கடைசியில் என்னை அனுப்புவதற்காகச் சொல்லிவிட்டார். மீசைக்காரன் அந்தப் பெண்ணுக்குப் புருசன் இல்லை, கூடப்பிறந்த அண்ணன். கிழவி பெற்ற தாய். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அதற்கு நிலத்தை விற்க வேண்டும், விற்க விடாமல் பங்காளி தகராறு செய்கிறான். "அடியும் கெடையாது, பட்டினியும் கெடையாது. பாதி நேரம் வரப்புச் சண்டைதாம்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. நான் யாருக்காகச் சோறு வேண்டாமென்று சொன்னேனோ அவள் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். யாருக்காக முட்டிபோட்டேனோ அவள் இல்லவே இல்லை. ஏமாந்த ரசிகனின் கோபம் அது. அதோடு இன்னொன்றும் இருந்தது. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற மிதப்பு. அத்தையிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்டால்தான் அந்த மிதப்பு தீரும்போல இருந்தது.

சனிக்கிழமை கடைக்குப் போய், "அத்தைக்கு ஒரு இடம் புரியலையாம். உங்கள வரச்சொன்னா" என்றேன். அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உடனே வந்தார்.

வீடு நிறைந்திருந்தது. புருசன் கடைசியாக ஒருமுறை கூப்பிட வரும் வாரம் இது என்று அத்தை முன்வாரமே சொல்லிவைத்திருந்தாள். அன்றைக்கு அவள் ராட்டையைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் மீசைக்காரன் வந்து நின்றான். அந்தப் பெண், வழக்கத்துக்கு மாறாக, தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, அவ இப்ப என்ன சொல்லுதா?" என்று கேட்டேன்.

அத்தை திரும்பினாள். அண்ணாச்சி தடுமாறினார்.

"நீங்கதான் வரச்சொன்னியன்னு பையன் சொன்னான்" என்றார் அவளிடம்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நிலைமை புரிந்து அண்ணாச்சி பின்வாங்கப் பார்த்தார்.

"எனக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா. நான் வாரேன்."

"மறக்கல. மீசக்காரன் அவ புருசன் இல்ல, அண்ணன்னு நீங்கதான சொன்னிய. அத்தை சொன்னது பூராம் பொய்யி."

"அப்படியா அண்ணாச்சி?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். தலையை அசைத்தார்.

முதலில் சிரித்தது கடைசி வீட்டுக்காரி. "ஏ கூறுகெட்டவளே, அண்ணனப் போயி புருசனாக்கிட்டியேட்டி!" எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அதில் விஷம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். ஆனால் சிரிப்பு அடங்குகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "அண்ணன் வீட்டுலயே கெடந்தா அப்படித்தான் தோணும்போல."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது. அடுத்த அறையில் கட்டில் முனகியது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, எங்களைத் தாண்டி, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனார்.

அத்தை எழுந்து பெட்டியின் ஒலியைக் கூட்டினாள். வீடு முழுக்கச் சிங்களம் நிறைந்தது.

"கேளுங்க. அதான் நெசம்" என்றாள். ராட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு அன்றைக்கு ஜெயித்த சந்தோஷம். அடுத்த சனிக்கிழமைதான் நான் எதைச் செய்துவைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அதுவும் பாதிதான் தெரிந்தது. பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றார். அந்தப் பெண் பேசினாள், மீசைக்காரன் பேசினான், கிழவி பேசினாள். ஒன்றும் விளங்கவில்லை. வந்தவர்கள் அடுப்பில் வேலை கிடக்கிறது என்று ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரத்துக்கு முன்னால் அழுகையும் சண்டையுமாக இருந்த தொடர் அப்படியே நின்றுபோயிருந்தது. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போனேன்.

"அத்தை, வா. மல்லிகா வந்துட்டா."

"அப்படி ஒருத்தி இல்லன்னு நீதானல சொன்ன."

"பரவால்ல. நீ சொல்லு. நான் கேக்கேன்."

அவள் சட்டியில் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். ரோஷம், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள்மேல் எனக்கு வருத்தம்கூட இருந்தது. ஒரு பையனின் பேச்சுக்காக இவ்வளவு நல்ல தொடரை யாராவது நிறுத்துவார்களா?

அண்ணனைப் புருசனாக்கியவள் என்ற கடைசி வீட்டுக்காரியின் கேலி தெருவைச் சுற்றிவந்தது. தறிக்காரர்கள்வரை அது தெரிந்திருந்தது. அந்த மாதம் திருவேங்கடத்துப் பெரியவர்கள் வந்தபோது, அடுத்த மாதம் என்று அப்பா சொல்லவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தையே அடுப்படியிலிருந்து வந்து நின்று, "புதன்கிழம வாரேன்னு சொல்லுங்க" என்றாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி தரையைப் பார்த்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பஸ் நிலையம்வரை போனேன். அப்பா முன்னால் நடந்தார். பஸ் வரக் காத்திருந்தபோது, அப்பா வெற்றிலை வாங்கப் போன நேரத்தில், அத்தையிடம் கேட்டேன்:

"மல்லிகா கடைசில அவங்கூடப் போவாளா, மாட்டாளா?"

இதைவிடக் கொடுமையான ஒரு கேள்வியை என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. எனக்கு அது ரசிகனின் கேள்வி. முடிவு தெரியாமல் நின்ற கதைக்கு முடிவு கேட்டேன், அவ்வளவுதான். அத்தை பஸ் வரும் பக்கம் திரும்பினாள். பஸ் உள்ளே நுழைந்தது. "ஓடு, சன்னல் வழியா பையப் போட்டு எடம் புடி" என்றாள். நான் ஓடிப்போய் நல்ல இடமாகப் பிடித்துக்கொடுத்தேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் அம்மாவிடம் கேட்டேன், அத்தை அப்போது ஏன் வந்தாள் என்று. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே, பெரியவனாகிவிட்டேன் என்ற தைரியத்தில், சொன்னாள். மாமியார் அரிசிப் பானையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. மாமா கம்மலை விற்றது. ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. ஒவ்வொன்றும் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தேன். தெருப் பெண்களுக்கு அது யாருடைய கதை என்பது முதல் மாதமே தெரியும் என்றாள் அம்மா. அதனால்தான் அவ்வளவு சண்டை போட்டார்கள். அப்பாவுக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தில், அது கொழும்புக் கதை என்று நம்பிக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

வங்கியில் வேலை கிடைத்து முதல் வருடம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் திருவேங்கடத்துக்குக் கொண்டுபோனேன். பரிகாரம் என்று மனதில் நினைப்பு. மாமாவுக்கு மிகவும் சந்தோஷம். மரக்கதவு வைத்த அலமாரிக்குள் பெட்டியை வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவர் செய்தி பார்க்கும்போது திறக்கும், முடிந்ததும் மூடும். அத்தை எனக்குச் சோறு போட்டாள். பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "அவுகளுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். அந்த வீட்டில் பூட்டிவைக்க இன்னொரு பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் நான் செய்த உதவி.

மாமா காலமாகி, பிள்ளைகளும் வெளியூர் போய்விட்ட பிறகு, போன வருடம் மறுபடி போனேன். அத்தை தனியாக இருக்கிறாள். பெரிய திரை ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஏதோ ஒரு தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கலையா அத்தை?"

"எல்லாத்தையும் அவங்களே பேசிக்கிடுதாங்க. நமக்கு என்ன சோலி?"

நான் சொன்னேன், அண்ணாச்சியை அவள் வரச்சொன்னதாகப் பொய் சொல்லிக் கூட்டிவந்தவன் நான் என்று. இத்தனை வருடமாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டன.

"அது அன்னைக்கே தெரியும்லா" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பெரிய தப்பு அத்தை."

"சின்னப் பய. அதுக்கென்ன இப்ப."

மன்னித்துவிட்டாள். அந்த வேகத்தில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. கிளம்பியிருக்கலாம். ஆனால் கேட்டேன்.

"அன்னைக்கு மல்லிகா என்ன சொல்ல இருந்தா?"

அத்தையின் கை நின்றது. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"நான் வரமாட்டேன்னு சொல்ல இருந்தா" என்றாள். "தார் சுத்தியாவது சாப்பிட்டுக்கிடுதேன், இந்த வீட்டவிட்டு எங்கயும் போமாட்டேன்னு. ஒரு மாசமா அந்த வசனத்த மனசுக்குள்ளேயே ஓட்டிக்கிட்டு கெடந்தேன். அண்ணன் மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அவ சொன்னா அண்ணன் காதுல விழும்லா."

வெளியே ஒரு பஸ் ஒலிப்பானை அடித்துக்கொண்டே போயிற்று. அது போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அப்பா உன்ன அனுப்பியிருக்க மாட்டாவளோ?"

என்னைத் தேற்றுவதற்காக அவள் ஒரு பதிலைத் தேடவில்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். முகத்தில் அது தெரிந்தது.

"தெரியலல. அனுப்பியும் இருப்பாவ" என்றாள். "சொல்லிப் பாத்திருப்பேன்."

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழம்பு வைக்கப்போவதாகவும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் அங்கிருந்து சொன்னாள்.